ஏழாம் அத்தியாயம்: அடுக்குகளை இடம் விட்டு இடம் பொருத்துவது எப்படி?

ஓசூர் சிப்காட் பக்கம் போர் போடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “பக்கத்து கம்பெனியில் 340 அடியில் தண்ணி வந்துச்சு. அதே லேயர் இங்கேயும் வரும், ஓட்டுங்க.” ரிக் வண்டி 900 அடி வரை ஓட்டியும் புழுதிதான் பறக்கிறது. ரிக்காரர் மேல் தப்பில்லை. பக்கத்தில் பார்த்த ஒன்று அதே ஆழத்தில் இங்கேயும் நீண்டிருக்கும் என்று நம்பியதுதான் தப்பு. அந்த நம்பிக்கை எங்கே செல்லும், எங்கே செல்லாது, செல்லும் இடத்தில் எப்படிச் சோதிப்பது என்பதே இந்த அத்தியாயம்.

முதலிலேயே ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் ஒத்துப்போவதும் ஆழம் ஒத்துப்போவதும் சான்று ஆகாது. அடுக்குகளின் வரிசையும், அவற்றின் காலத்தைச் சொல்லும் தடயமும் ஒத்துப்போனால்தான் இரண்டு இடத்து அடுக்குகளை ஒன்று எனச் சொல்லலாம்.

1. முதல் கேள்வி: இங்கே அடுக்கு உண்டா?

ஓசூர், சூளகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டை என எங்கே தோண்டினாலும் அடியில் கிடப்பது நைஸும் கிரானைட்டும். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி நோக்கிப் போகப் போக சார்னோகைட் என்ற பாறை கூடுகிறது. இவை பெரும்பாலும் 250 கோடி ஆண்டு அல்லது அதற்கும் மேற்பட்ட வயதுள்ளவை. பூமியின் ஆழத்தில் உருகியும் வெந்தும் நசுங்கியும் உருவானவை. தண்ணீரில் மணலும் சேறும் படிந்து உருவான படிவுப்பாறை இவற்றில் இல்லை. அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகத்துக்குள் போனாலும் கதை அதேதான்.

இங்கே கண்ணை ஏமாற்றும் விஷயங்கள் மூன்று.

முதலாவது, நைஸில் தெரியும் கருப்பு வெள்ளை வரிகள். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஏற்றுமதியாகும் ‘பாரடிசோ’ கல்லை மெருகேற்றிய பலகையாகப் பார்த்தவர்களுக்கு அந்த அலை அலையான வரிகள் நினைவிருக்கும். அது படிந்த அடுக்கு அல்ல. அழுத்தத்திலும் வெப்பத்திலும் கனிமங்கள் பிரிந்து வரிசைகட்டியது. ஒரு குவாரியில் பார்த்த வரியை அடுத்த குவாரியில் தேடுவது வீண் வேலை.

இரண்டாவது, போரில் மேலிருந்து கீழே வரும் மாற்றம்: மண், மொரம்பு, நைந்த பாறை, வெடிப்புள்ள பாறை, பிறகு கெட்டிப்பாறை. இந்த வரிசை எல்லாப் போரிலும் வரும். ஆனால் இது ஒரே பாறை மழையிலும் வெயிலிலும் மேலிருந்து சிதைந்துகொண்டு வந்த நிலைகள். ஒரு இடத்தில் 20 அடியோடு முடியும். நூறு அடி தள்ளி 80 அடிக்கும் போகும். தண்ணீர் இருப்பது இந்த நைந்த பகுதியிலும் அதற்குக் கீழுள்ள வெடிப்புகளிலும்தான். வெடிப்பு செங்குத்தாகவோ சாய்வாகவோ ஓடும். அதை அடுக்கு மாதிரி படுக்கைவாட்டில் இழுத்துப் பொருத்த முடியாது.

மூன்றாவது, நைஸை வெட்டிக்கொண்டு சுவர் மாதிரி நிற்கும் டோலரைட். குவாரிக்காரர்கள் கருப்பு கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் இதைத்தான். பெங்களூரைச் சுற்றிக் கிழக்கு மேற்காக ஓடும் டோலரைட் கூட்டம் ஒன்றின் வயதைச் சுமார் 237 கோடி ஆண்டு என்று அளந்திருக்கிறார்கள். வெட்டுவது வெட்டப்படுவதைவிட இளையது. அடுக்கில்லாத நாட்டில் வரிசையைக் கண்டுபிடிக்க உதவும் முதல் விதி இதுதான்.

2. ஆழத்தை உயரமாக மாற்றுங்கள்

போர்ப் பதிவுகளில் ஆழம் தரைமட்டத்திலிருந்து எழுதப்படும். ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிறது; கிருஷ்ணகிரி நகரம் ஏறக்குறைய 500 மீட்டர். ஓசூரின் 100 மீட்டர் ஆழம் கடல்மட்டத்துக்கு மேலே 800-ல் நிற்கும். கிருஷ்ணகிரியின் 100 மீட்டர் 400-ல். ஒரே எண், நடுவில் 400 மீட்டர் வித்தியாசம்.

எந்தப் பகுதியில் வேலை செய்தாலும் முதலில் தரையின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஆழத்தைக் கழித்து, எல்லாப் பதிவையும் கடல்மட்டக் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். மாநில எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் பதிவுகளைச் சேர்க்கும்போது அடியா மீட்டரா என்பதையும் பாருங்கள். ரிக் வண்டியின் ராடு வழக்கமாக 20 அடி. “எட்டாவது ராடில் நிறம் மாறியது” என்றால் 140 முதல் 160 அடிக்குள் எங்கோ என்றுதான் பொருள். இந்த 20 அடி தெளிவின்மையையும் பதிவில் எழுதிவையுங்கள்.

3. அடுக்குள்ள நாடு: அரியலூர்

பொருத்தும் வேலையைக் கற்க சேலம், ஆத்தூர் வழியாகப் பெரம்பலூர், அரியலூர் பக்கம் போக வேண்டும். இந்தியா தென்கண்டக் கூட்டிலிருந்து பிரிந்தபோது கிழக்குக் கரையோரம் தாழ்ந்த காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பு அங்கே தரைக்கு வந்து தெரிகிறது. அடித்தளமாக நம் ஊர் வகை நைஸும் சார்னோகைட்டும் கிடக்க, அதன்மேல் சுமார் 11 கோடி ஆண்டு முதல் 6 கோடி ஆண்டு வரையிலான கடல் படிவுகள் கிழக்கே லேசாகச் சாய்ந்து படுத்திருக்கின்றன. மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் பழையதிலிருந்து புதியதற்குப் போவீர்கள்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-ல் வெளியிட்ட அறிக்கையில் இவற்றை மூன்று தொகுதிகளாகப் பிரித்தார்: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். அவர் வைத்த மூன்று பெயர்களும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அரியலூர் தொகுதிக்குள் கீழிருந்து மேலாகச் சில்லக்குடி மணற்பாறை, கல்லங்குறிச்சி சுண்ணாம்புப்பாறை, ஓட்டக்கோவில் மணற்பாறை, டைனோசர் எலும்புகள் கிடைத்த கல்லமேடு படிவு என்று வரிசை. அதற்கும் மேலே டைனோசர் காலத்துக்குப் பிந்தைய நினியூர் படிவு.

இங்கே அடிப்படை விதிகள் வேலை செய்கின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டெனோ 1669-ல் எழுதியவை அவை: கீழே கிடப்பது மூத்தது, படியும்போது அடுக்கு ஏறக்குறைய சமமாகவே படியும், தடை வரும்வரை பக்கவாட்டில் தொடரும். மூன்றாவது விதிதான் பொருத்துதலுக்கு அனுமதிச் சீட்டு. நடுவில் ஓடையோ வயலோ வந்து அடுக்கு மறைந்தாலும், இருபுறமும் அதே வரிசை தெரிந்தால் தொடர்ச்சி இருந்தது எனக் கொள்ளலாம்.

4. களத்தில் எழுத வேண்டியவை

கையில் இருக்க வேண்டியவை: பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், அளவு நாடா, சாய்வு பார்க்கும் திசைகாட்டி, சுத்தியல், பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டுக்குப்பியில், இடம் குறிக்கக் கைபேசி. சுரங்கத்துக்குள் போக முன் அனுமதி வாங்குங்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கும் தேசியப் புதைபடிவப் பூங்காவில் பார்க்கலாம், படம் எடுக்கலாம். எதையும் எடுக்கக் கூடாது.

வெட்டுமுகத்தில் எப்போதும் கீழிருந்து மேலே எழுதுங்கள். படிந்த வரிசையில் எழுதினால்தான் கதை புரியும். ஒவ்வொரு அடுக்குக்கும் இந்த ஆறும் வேண்டும்:

1. தடிமன்.
2. துகள் அளவு. 2 மில்லிமீட்டருக்குக் குறைந்து கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிந்தால் மணல். கண்ணுக்குத் தெரியாமல் பல்லில் நறநறத்தால் வண்டல். வழவழவென்று கரைந்தால் களி.
3. அமிலத்தில் நுரைக்கிறதா.
4. கீழ் எல்லை வெட்டியதுபோல் இருக்கிறதா, மெல்ல மாறுகிறதா.
5. உயிர் எச்சங்கள்: என்ன வகை, முழுசா உடைசலா, எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கின்றன.
6. நிறம். கடைசியில் எழுதுங்கள், புதிதாக உடைத்த முகத்தில் பார்த்து எழுதுங்கள்.

கல்லங்குறிச்சி சுண்ணாம்புப்பாறையில் இதைச் செய்து பாருங்கள். சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டிய சுரங்கச் சுவரில் கிரைஃபியா வகைச் சிப்பிகள் நெருக்கமாகக் கிடக்கும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிப்பியை எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருக்கும். ஒரு ஓடு தடித்துக் குவிந்து, மற்றது மூடிபோலத் தட்டையாக. இரண்டு ஓடும் சேர்ந்தே கிடந்தால் அது வாழ்ந்த இடத்திலோ அதற்கு மிக அருகிலோ புதைந்தது. ஓடுகள் பிரிந்து, விளிம்பு தேய்ந்து, ஒரே திசையில் அடுக்கியதுபோல் கிடந்தால் அலை இழுத்து வந்து கொட்டியது. ஒரு சொட்டு அமிலம் விட்டால் ஓடும் அதைச் சுற்றிய பாறையும் சீறும். இதன் கீழும் மேலும் மணற்பாறை. மணலுக்கு நடுவில் சிப்பி நிறைந்த சுண்ணாம்பு என்ற இந்த மூன்றடுக்கு வரிசைதான் ஒரு சுரங்கத்திலிருந்து அடுத்த சுரங்கத்துக்குக் கொண்டுபோகத் தகுந்த அடையாளம். சிப்பி மட்டும் என்றால் போதாது.

சாய்வை மறந்து தடிமன் எழுதாதீர்கள். சமதரையில், சாய்வுத் திசையிலேயே அளந்த அகலத்தைச் சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்கினால் உண்மைத் தடிமன் வரும். சாய்வு 5 பாகை, நடந்த தூரம் 1,000 மீட்டர் என்றால் அடுக்கின் தடிமன் 87 மீட்டர்தான்.

5. பாறை ஒன்று, காலம் வேறு

பாறையை வைத்துப் பொருத்துவது முதல் படி. அதன் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே நாளில் கரையில் மணலும், கொஞ்சம் உள்ளே சேறும், தெளிந்த ஆழமற்ற நீரில் சுண்ணாம்பும் படியும். கடல் மெல்ல நிலத்துக்குள் ஏறினால் மணல் படியும் இடமும் கூடவே நகரும். அப்போது தொடர்ச்சியாகத் தெரியும் ஒரே மணல் அடுக்கு, மேற்கே போகப் போக இளையதாகும். கல்லக்குடியில் வெட்டியெடுக்கும் பழைய சுண்ணாம்புப்பாறையும் அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சி சுண்ணாம்புப்பாறையும் சிமெண்டுக்கு ஒன்றுபோலப் பயன்படுகின்றன. ஆனால் முதலாவது ஊட்டத்தூர் தொகுதியைச் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையே மூன்று கோடி ஆண்டுக்கும் மேலான இடைவெளி.

காலத்தைச் சொல்ல உயிர் எச்சம் வேண்டும். இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் வேலையைக் கவனித்த வில்லியம் ஸ்மித், ஒவ்வொரு அடுக்குக்கும் தனக்கே உரிய உயிரினக் கூட்டம் இருப்பதைக் கண்டு 1815-ல் தன் பெரிய நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். காலம் காட்டும் உயிரிக்கு நாலு தகுதி வேண்டும்: பரவலாக வாழ்ந்திருக்க வேண்டும், சீக்கிரம் மாறி அழிந்திருக்க வேண்டும், நிறையக் கிடைக்க வேண்டும், பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும். சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடல் உயிரியான அம்மோனைட்டுக்கு நாலும் உண்டு. பூஜையறைச் சாளக்கிராமத்தில் தெரியும் சுருள் அம்மோனைட்டின் தடம்தான். பெரம்பலூர் மாவட்டம் காரையில் மழை அரித்த களிமண் பள்ளத்தாக்குகளில் அம்மோனைட்டுகள் கிடைக்கும். சிப்பி வகைகள் பல நெடுங்காலம் மாறாமல் வாழ்ந்தவை; சூழலைச் சொல்லும், காலத்தை அவ்வளவு நுணுக்கமாகச் சொல்லாது.

6. புதுச்சேரி அடுக்குகள்: பொருத்தம் தவறிய கதை

ஓசூர் வழியாக ஓடும் தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் சேர்கிறது. அதற்குச் சற்று வடக்கே, புதுச்சேரி, வழுதாவூர் பக்கத்தில் ஒரு சின்னத் திட்டாக, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலப் படிவுகள் தெரிகின்றன. அரியலூர் அடுக்குகளுக்கும் இவற்றுக்கும் நடுவே பல பத்துக் கிலோமீட்டர் தூரம் இளைய படிவுகள் மூடிக் கிடக்கின்றன. நடந்து போய்த் தொடர முடியாது. இரண்டும் ஒன்றா?

கே, கன்லிஃப் என்ற இருவர் சேகரித்து அனுப்பிய புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி எச்சங்களை லண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-ல் விவரித்தார். புதுச்சேரிக் கூட்டம்தான் மூன்றிலும் மூத்தது என்பது அவர் முடிவு. பிளான்ஃபோர்டு களத்துக்கு வந்து வழுதாவூர் அடுக்குகளை ஊட்டத்தூர் தொகுதியோடு, அதாவது திருச்சி வரிசையின் அடியோடு பொருத்தினார். பிறகு 1890-களின் நடுவில் வார்த் என்பவர் புதுச்சேரிப் படிவுகளை அடுக்கு அடுக்காகப் பிரித்து எச்சங்களைச் சேகரித்தார். அந்தச் சேகரிப்பை வியன்னாவில் ஆராய்ந்த ஃபிரான்ஸ் கோஸ்மட் 1897-ல் தலைகீழாகத் தீர்ப்புச் சொன்னார்: வழுதாவூர் அடுக்குகள் மூத்தவை அல்ல, அரியலூர் தொகுதியின் காலத்தவை.

இன்று அந்த முடிவு நிலைத்திருக்கிறது. ஃபோர்ப்ஸ் புதுச்சேரியிலிருந்து பெயரிட்ட, சுருளாமல் நேராக வளர்ந்த ஓர் அம்மோனைட் இப்போது யூபாகுலைட்ஸ் பேரினத்தில் வைக்கப்படுகிறது. அதே பேரினம் தென்னாப்பிரிக்கா, மேற்கு ஆஸ்திரேலியா, சிலி ஆகிய இடங்களிலும் டைனோசர்களின் கடைசிக் காலகட்டமான மாஸ்ட்ரிக்டியன் அடுக்குகளில் கிடைக்கிறது. சுமார் 7.2 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுக்கு உட்பட்ட காலம் அது.

இந்தக் கதையிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் நடைமுறைப் பாடம். எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்று குறிக்காத எச்சம் பாதி மதிப்பை இழக்கிறது. பைமேல் இடத்தின் பெயர் மட்டும் போதாது. வெட்டுமுகத்தின் அடியிலிருந்து எத்தனை மீட்டர் மேலே என்றும் எழுதுங்கள். ஒரே ஒரு வடிவத்தின் சாயலை நம்பாமல் முழுக் கூட்டத்தையும் ஒப்பிடுங்கள். பழைய அடுக்கு அரிக்கப்பட்டு அதன் எச்சம் புதிய அடுக்கில் மறுபடி புதைந்திருக்கலாம். தேய்ந்த, சுற்றியுள்ள பாறைக்குப் பொருந்தாத எச்சத்தைத் தனியே வையுங்கள்.

7. தரைக்கு அடியில் பொருத்துவது

எண்ணெய்க்காகக் காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி தோண்டும் கிணறுகளில் அம்மோனைட் கிடைத்தாலும் துளைப்பான் நொறுக்கிவிடும். அங்கே கைகொடுப்பவை ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிரிகளின் ஓடுகள். மேலேயுள்ள அடுக்கு சரிந்து கீழே விழுந்து கலக்கும் என்பதால், துளைத்துக்கொண்டு போகும்போது ஓர் இனம் முதன்முதலாகத் தென்படும் மட்டத்தையே நம்புவார்கள்; கடைசியாகத் தென்படும் மட்டத்தை நம்ப மாட்டார்கள்.

அடுத்தது, கிணற்றுக்குள் பாறையின் இயற்கைக் காமா கதிர்வீச்சை அளக்கும் காமா பதிவு. களியில் பொட்டாசியமும் தோரியமும் அதிகம், கோடு வலப்பக்கம் ஏறும். சுத்தமான மணலிலும் சுண்ணாம்பிலும் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தின் வடிவத்தைக் கிணற்றுக்குக் கிணறு ஒப்பிடுவார்கள். ஓசூர்க்காரர் இங்கே ஒன்றைச் சட்டெனப் பிடிக்கலாம். கிரானைட்டிலும் நைஸிலும் உள்ள இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தில் பொட்டாசியம் நிறைய. அந்தப் பாறை அரித்து, தூரம் போகாமல் படிந்த மணலில் ஃபெல்ட்ஸ்பார் அப்படியே தங்கும். காமாக் கோடு ஏறும். மணலைக் களி என்று படித்துவிடுவோம். மின்தடைப் பதிவையும் துளைத்தூளையும் கூட வைத்துப் பாருங்கள்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியே அடையாள அடுக்கு. துளைக்குத் துளை அதைப் பொருத்தினால்தான், அதன் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர் எவ்வளவு கீழே இருக்கிறது, எங்கே இறைக்க வேண்டும் என்று தெரியும்.

எல்லாவற்றிலும் உறுதியானது எரிமலைச் சாம்பல். மிகக் குறுகிய காலத்தில் பெரும்பரப்பில் படிவதால் அது காலக்கோடு. சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்துக் கக்கிய சாம்பலை, ஆந்திரத்தின் கர்னூல் வட்டாரத்து ஜ்வாலாபுரத்தில் கண்ணாடித் துகள்களின் வேதியியலை வைத்து அடையாளம் கண்டார்கள். அதன் கீழும் மேலும் கற்கருவிகள் கிடைத்ததால், கருவி செய்தவர்களின் காலமும் தெரிந்தது.

8. மேசையில் வரைவது

ஒவ்வொரு வெட்டுமுகத்தையும் ஒரே அளவில், 1 சென்டிமீட்டருக்கு 2 மீட்டர் என்று, தனித்தனிக் காகிதப் பட்டையாக வரையுங்கள். மிக உறுதியான அடையாள அடுக்கு ஒன்றைத் தேர்ந்து, அது எல்லாப் பட்டையிலும் நேர்கோட்டில் வரும்படி ஒட்டுங்கள். அதை முதலில் இணையுங்கள். பிறகு மேலும் கீழும் போங்கள். காலக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் உங்கள் பொருத்தம் தப்பு. அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஒரு பட்டையில் அடுக்கு இல்லை என்றால் அது மெலிந்து முடிந்ததா, அரிக்கப்பட்டதா, வேறு பாறையாக மாறியதா என்று மூன்றையும் கேளுங்கள்.

9. உள்ளூரில் செய்து பழக

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் படிவு எனச் சொல்லத்தக்கது ஆற்றங்கரையிலும் ஏரிப்படுகையிலும் கிடக்கும் இளைய வண்டல்தான். தென்பெண்ணையின் கரையில் மழைக்காலம் முடிந்து வெள்ளம் வடிந்தபின், சரியாத இரண்டு வெட்டுமுகங்களை 30 மீட்டர் இடைவெளியில் தேர்ந்தெடுங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம். இரண்டையும் பதிவு செய்து, கோடு போட்டு இணைத்து, நடுவில் 15 மீட்டரில் என்ன வரும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டு, அங்கே சுவரைச் சுரண்டிப் பாருங்கள். கூழாங்கல் அடுக்கு பெரும்பாலும் ஏமாற்றும். பழைய ஓடையின் தடத்தோடு முடிந்துபோகும். மெல்லிய களி அடுக்கு அதைவிட நீளமாகத் தொடரும். எது தொடரும், எது முடியும் என்ற அளவுகோல் உங்கள் கைக்கு வர இந்த ஒரு பயிற்சி நல்ல தொடக்கம்.

பிறகு முதல் பத்தியின் போர் விஷயத்துக்கும் இதே ஒழுங்கைப் பயன்படுத்தலாம். அங்கே அடுக்குக்குப் பதிலாக வெடிப்பின் திசையையும் சாய்வையும், நைந்த பாறையின் அடிமட்டத்தையும் வரைபடத்தில் இணையுங்கள்.

எந்த வரைபடமானாலும் நேரில் தொடர்ந்து பார்த்த எல்லைக்கு முழுக்கோடு, சான்றால் ஊகித்ததற்கு விட்டுவிட்டு இழுத்த கோடு, சந்தேகத்துக்குக் கேள்விக்குறி. ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் எந்தச் சான்றால் இணைத்தீர்கள் என்று இரண்டு சொல்லாவது எழுதுங்கள். பின்னால் வருபவர் உங்கள் கோட்டை ஏற்கவோ திருத்தவோ அந்த இரண்டு சொல்லைத்தான் தேடுவார்.